மேக்கர்ஸ்பேஸுக்கு வாட்ஸ்ஆப் போதுமா?

கேள்வி: நாகர்கோவிலில் சின்னதாக ஒரு மேக்கர்ஸ்பேஸ் (கருவிகளைப் பகிர்ந்து எல்லாரும் பொருள் செய்து பழகும் கூடம்) நடத்துகிறோம். கல்லூரி மாணவர்கள், லேத் பட்டறைக்காரர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லாரும் உண்டு. ஒரே வாட்ஸ்ஆப் குழுவில் எல்லாம் கலந்து குழம்புகிறது. டெலிகிராம், டிஸ்கார்ட், டிஸ்கோர்ஸ், எதற்கு மாறலாம்?

டெலிகிராமுக்கு மாறுங்கள். குழு அமைப்பில் 'தலைப்புகள்' வசதியை இயக்கிவிட்டு ஆரம்பியுங்கள். வாட்ஸ்ஆப்பை மூட வேண்டாம், அது அறிவிப்புக்கு மட்டும் இருக்கட்டும். மார்த்தாண்டம் பக்கம் எங்கள் கூடத்தில் இப்படித்தான் ஓடுகிறது.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கு ஒருவர் சொன்ன பதில் அடுத்த மழைக்காலத்தில் இன்னொருவர் கைக்குக் கிடைக்குமா? நம் மாவட்டத்தில் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும், போதாததற்குக் கடல்காற்று வேறு. ஜூன் பிறந்தால் போதும், "அண்ணே, பிரிண்ட் எல்லாம் நூல் நூலா இழுக்குது, நாசில்ல பட்பட்டுன்னு சத்தம் வருது" என்று யாராவது படம் போடுவார்கள். 3டி பிரிண்டருக்குப் போடுகிற பிளாஸ்டிக் இழை, அதாவது ஃபிலமெண்ட், ஈரம் குடித்திருக்கும். பிஎல்ஏ வகை இழை என்றால் 45 முதல் 50 டிகிரியில் நாலைந்து மணி நேரம் காயவைத்து, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். தெரிந்தவர் முதல் தடவை பொறுமையாகச் சொல்வார். அதே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். விவரம் தெரிந்தவர்கள் இப்படி ஒவ்வொருவராக ஒதுங்கிய பிறகு குழுவில் மிஞ்சுவது காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான்.

வாட்ஸ்ஆப் குழுவில் 1024 பேர் வரை சேரலாம், ஆகவே ஆள் எண்ணிக்கை பிரச்சினையே இல்லை. எல்லாப் பேச்சும் ஒரே ஓடையில் ஓடுவதுதான் பிரச்சினை. இஎஸ்பி32 என்ற மின்னணுச் சில்லு பற்றி ஒருவர் கேட்டு முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு யார் யார் வருகிறீர்கள் என்ற பேச்சு அதை மூடிவிடும். இன்னொன்று, குழுவில் இருக்கிற எல்லாருக்கும் உங்கள் தொலைபேசி எண் தெரியும். மாணவிகள் பலர் சேர்ந்தும் வாய் திறக்காமல் இருக்க இதுவே போதும். பேசாதவர்களுக்கு ஆர்வமில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 2022 இறுதியில் வந்த கம்யூனிட்டி வசதியில் அறிவிப்புக் குழு ஒன்று தனியாக இருக்கும். அதில் அட்மின்கள் மட்டுமே செய்தி போட முடியும், உறுப்பினர்களின் எண்ணும் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. 'இன்று லேசர் கட்டர் பழுது', 'சாவி இன்னாரிடம்' போன்றவற்றுக்கு அதுவே தாராளம்.

டெலிகிராமில் 3டி பிரிண்டர், மின்னணு, மரவேலை, வாங்க விற்க என்று தலைப்பு தலைப்பாகப் பிரித்துக்கொள்ளலாம். புதிதாக வருகிறவர் தான் சேர்வதற்கு முன்னால் நடந்த பேச்சையும் படிக்கலாம். ஒரு கோப்பு 2 ஜிபி வரை அனுப்பலாம் என்பதால் 3டி மாதிரி, சர்க்யூட் வரைபடம் எதுவும் அங்கேயே தங்கும். எண்ணை மறைத்துப் பயனர் பெயரோடு பேசலாம். கணினிப் பதிப்பிலிருந்து மொத்தப் பேச்சையும் இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும். இந்தக் கடைசி வசதியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 3டி பிரிண்டர்க்காரர்களின் குழுக்கள் பல ஒரு காலத்தில் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸில்தான் இருந்தன. 2019 ஏப்ரலில் அதை மூடியபோது, யாரும் நகல் எடுத்து வைக்காத பதில்கள் எல்லாம் அதோடு போயின.

தேடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தச் செயலி எடுத்தாலும் நம் ஆட்களுக்கு இந்தச் சிக்கல் வரும். ஒரே சாமானை ஒருவர் தமிழில் எழுதுகிறார், ஒருவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார், மற்றொருவர் தமிழையே ஆங்கில எழுத்தில் தனக்குத் தோன்றியபடி தட்டுகிறார். 'ஈரம்' என்று தேடினால் 'ஈரத்தால்' என்று எழுதிய செய்தி வராது. வயதில் மூத்தவர்கள் குரல் பதிவுதான் அனுப்புவார்கள். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டுக்கு வெப்பமானி பொருத்துவது பற்றி எங்கள் குழுவில் இருக்கிற மிக நல்ல பதில், ஒரு லேத் பட்டறை அண்ணன் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டுப் பேசி அனுப்பிய குரல் பதிவு. பின்னணியில் பஸ் ஹாரன் கேட்கும். தேடினால் அது எங்கே அகப்படும்?

நாங்கள் வைத்திருக்கிற வழக்கம் இது. பதில் வாங்கினவர்தான் சுருக்கம் எழுத வேண்டும். பிரச்சினை என்ன, எதனால் வந்தது, எப்படிச் சரியானது என்று மூன்று வரி. கூடவே சாமானின் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும். அதை 'தீர்ந்தவை' என்ற தலைப்பில் போட்டுவிட வேண்டும். சொன்னவர் தலையில் இந்த வேலையைக் கட்டினால் அவர் அடுத்த தடவை சொல்ல மாட்டார். ஆரம்பத்தில் இதற்கு ஒருவர் பின்னாலேயே நின்று "மக்கா, எழுதிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு இப்போது அது பழகிவிட்டது.

டிஸ்கார்ட் நல்ல செயலிதான். ஒவ்வொரு கேள்விக்கும் தனித் தலைப்பு போடுகிற வசதி அதிலும் உண்டு, குரல் அறைகளும் உண்டு. உங்கள் குழு முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள் என்றால் அதையே எடுங்கள் என்பேன். ஆனால் கோட்டாறில் லேத் வைத்திருக்கிறவர் சேனல், ரோல், சர்வர் என்று பார்த்ததும் போனைப் பையனிடம் நீட்டிவிடுவார். உலோக வேலை தெரிந்தவர் அவர்தானே? அலுவலகக் குழுக்கள் பேசிக்கொள்ளும் ஸ்லாக் செயலியில் காசு கட்டாவிட்டால் 90 நாளுக்கு மேல் பழைய செய்தி தெரியாது, நம் தேவைக்கு அது ஆகாது. ஜூலிப் எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்பப் பிடிக்கும், தலைப்பு வாரியாகப் பேசுவதற்கென்றே செய்த மென்பொருள். ஆனால் ஊரில் அதை யார் போனிலும் நான் பார்த்ததில்லை.

டிஸ்கோர்ஸ்தான் உண்மையில் சரியான விடை, இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. இணையத்தில் கேள்வி பதில் மன்றம் நடத்துவதற்கான திறமூல மென்பொருள், பொதுவில் வைத்தால் கூகுள் தேடலிலும் பதில்கள் கிடைக்கும். ஆனால் குறைந்தது 1 ஜிபி நினைவகம் உள்ள சர்வர், சொந்த இணைய முகவரி (டொமைன்), மின்னஞ்சல் அனுப்பத் தனிச் சேவை, அவ்வப்போது மேம்படுத்த ஒரு ஆள், இத்தனையும் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் இறுதியாண்டு மாணவராக இருப்பார். படிப்பு முடிந்ததும் பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவார். பிறகு கடவுச்சொல் யாரிடம் என்று தேட வேண்டியதுதான்.

டெலிகிராமிலும் இந்த ஆபத்து உண்டு. குழுவின் உரிமை ஒருவரின் கணக்கில் இருக்கும். நெடுநாள் பயன்படுத்தாமல் விட்ட கணக்கு தானாகவே அழிந்துவிடும். ஆகவே மேக்கர்ஸ்பேஸ் பெயரில் தனியாக ஒரு சிம் எடுத்து, உரிமையை அதில் வைத்து, இரண்டு மூன்று பேரை அட்மின் ஆக்குங்கள். சேர வருகிறவர்களை அனுமதித்த பிறகே உள்ளே விடுங்கள், இல்லாவிட்டால் கிரிப்டோ விளம்பரம் போடும் தானியங்கிக் கணக்குகள் (பாட்கள்) ஒரே ராத்திரியில் குழுவை நாறடித்துவிடும். டெலிகிராம் குழுப் பேச்சுக்கு இருமுனை மறையாக்கம் (அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாத பாதுகாப்பு) கிடையாது. ஆதார் நகல், வங்கி விவரம் எதையும் அங்கே போட விடாதீர்கள். 13 வயது நிரம்பாத பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அவர்களைச் சேர்க்காமல் பெற்றோரை வாட்ஸ்ஆப் அறிவிப்பில் சேருங்கள்.

தலைப்புகளை முதல் நாளே பத்துப் பதினைந்து திறக்காதீர்கள். நாலு போதும்: பொது, பிரிண்டர், மின்னணு, தீர்ந்தவை. ஒரே விஷயம் 'பொது'வில் அடிக்கடி வந்தால் அப்புறம் அதற்குத் தனியாகத் திறக்கலாம். 'தீர்ந்தவை' நிறைந்து, சர்வரைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே இருக்கப்போகிற இருவர் கிடைத்தால் டிஸ்கோர்ஸுக்குப் போங்கள். அப்போதும் அந்த ஒரு தலைப்பை மட்டும் கொண்டுபோனால் போதும்.