அமெரிக்கப் பாப் இசைக் கலைஞர் பிரின்ஸ் இத்தனை பாடல்களை வெளியிடாமல் பூட்டி வைத்தது ஏன்?

முதல் காரணம் வேகம். பிரின்ஸ் ஏறக்குறைய தினமும் பதிவு செய்தவர். அவருடைய ஆல்பங்களை வெளியிட்ட வார்னர் நிறுவனமோ, ஆல்பங்களுக்கு நடுவே போதிய இடைவெளி இருந்தால்தான் விற்பனை நடக்கும் என்றது. 1986-இல் ‘கிரிஸ்டல் பால்’ என்று மூன்று இசைத்தட்டுத் தொகுப்பை அவர் தயாராக வைத்திருந்தார். நிறுவனம் ஒப்பவில்லை. அதைக் குறைத்து இரண்டு இசைத்தட்டுகளாக்கியதுதான் 1987-இல் வந்த ‘சைன் ஓ தி டைம்ஸ்’. மிஞ்சியவை மினசோட்டாவில் அவருடைய பெய்ஸ்லி பார்க் ஸ்டுடியோவின் நிலவறைப் பெட்டகத்துக்குப் போயின.

ஆனால் எல்லாப் பழியையும் நிறுவனத்தின் தலையில் போட முடியாது. அதே 1987 டிசம்பரில் ‘பிளாக் ஆல்பம்’ அச்சாகிக் கடைக்குப் போகவிருந்த நேரத்தில், வேண்டாம் என்று நிறுத்தியவர் பிரின்ஸேதான். தப்பிய சில பிரதிகளிலிருந்து திருட்டுப் பதிப்புகள் உலகமெங்கும் பரவின. முறையாக வெளிவந்தது 1994-இல். ரசிகர்களின் ஏக்கம் பெரிதாக வளர்ந்தது இந்த ஏழு வருடங்களில்தான் என்பேன். கிடைக்காத ஒன்றைத் தேய்ந்த கேசட்டில் கேட்பதற்கு ஒரு தனி வெறி உண்டு.

2016 ஏப்ரலில் உயில் எழுதாமலே இறந்தார். அதனால் எதை வெளியிடுவது என்ற முடிவு வாரிசுகளிடமும் நிர்வாகிகளிடமும் போனது. அவர் ஒதுக்கியதை வெளியிடலாமா என்ற உறுத்தல் எனக்கும் இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான பதிவுகளை அவர் அழிக்காமல் பெட்டகத்திலேயே வைத்திருந்தார். கேட்டுப் பார்க்க விரும்பினால், 2020-இல் வந்த ‘சைன் ஓ தி டைம்ஸ்’ பெருந்தொகுப்பிலிருந்து தொடங்குங்கள்.