சேர்த்த கத்திகளில் எவற்றை வைத்துக்கொள்வது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இளமை முதலே மடக்குக் கத்திகளையும் உறைக்கத்திகளையும் ஆசையாகச் சேர்த்து வருகிறேன். எழுபதுக்கும் மேல் ஆகிவிட்டன. சிறிய வீட்டுக்குக் குடிபோக வேண்டியிருக்கிறது. விரல் மூட்டுகளில் வலி வந்துவிட்டதால் அத்தனையையும் துடைத்து எண்ணெய் பூசிப் பராமரிக்கவும் முடியவில்லை. ஆகவே, பத்துக் கத்திகளை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிட முடிவு செய்தேன். ஆனால், பிரிக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் எல்லாக் கத்திகளும் ‘வேண்டும்’ என்ற பக்கத்துக்கே போய்விடுகின்றன. விலைமதிப்புள்ளவற்றை வைத்துக்கொள்வதா, என் தந்தை பயன்படுத்தித் தேய்ந்துபோனவற்றை வைத்துக்கொள்வதா? எதைக் கொண்டு தீர்மானிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஒரே நேரத்தில் இரண்டு தராசுகளில் நிறுத்துப் பார்க்கிறீர்கள், பிரிக்க முடியாமல் போவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். சந்தை மதிப்பு ஒரு தராசு, உங்கள் மனம் மற்றொன்று. இவை இரண்டும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் சாய்பவை என்பதைக் கவனித்தால் உங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிடும். கத்தி வாங்குகிற சேகரிப்பாளர் எதைத் தேடுகிறார்? ஒருமுறைகூடச் சாணை பிடிக்காத வாய் (வெட்டும் விளிம்பு), கீறல் விழாத கைப்பிடி, அசல் பெட்டி, அதனுடன் வந்த காகிதங்கள் ஆகியவற்றைத்தான். அப்படிப்பட்ட கத்தி உங்கள் அலமாரியில் இருந்திருக்கிறதே தவிர, உங்கள் கையில் இருந்ததில்லை. நீங்கள் உண்மையாகவே நேசித்துப் பயன்படுத்திய கத்திக்கோ வெளியே நல்ல விலை வராது. ஆகவே, நல்ல விலைக்குப் போகக்கூடியவற்றில் பல, நீங்கள் அதிக வருத்தமின்றிப் பிரியக்கூடியவையாகவே இருக்கும்.

உங்கள் தந்தையின் கத்திகளைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை. அவற்றில் ஒன்றைத் திறந்து, வாய் மேலே இருக்கும்படி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கைப்பிடியை ஒட்டிய இடத்தில் சாணைக்கல் எட்டாமல் அலகு (கத்தியின் தகடு) பழைய அகலத்திலேயே நின்றிருக்கும்; அங்கிருந்து சற்றுத் தள்ளி வாய் மெல்ல உள்வாங்கியிருக்கும். அந்த வளைவு எந்தத் தொழிற்சாலையும் போட்டதன்று, ஒரு மனிதர் கல்லின்மேல் அலகை வைத்து அழுத்திய பழக்கம் போட்டது. எலும்புக் கைப்பிடியாக இருந்தால், வெட்டப்பட்ட வரிகள் ஆள்காட்டி விரல் படிகிற இடத்தில் மட்டும் மழுங்கி வழவழப்பாகியிருக்கும். சந்தையில் இதற்குப் பெயர் தேய்மானம். உங்களைப் பொறுத்தவரை அது வேறு எங்கும் கிடைக்காத ஒரு கையின் தடம். அவர் அதிகம் பயன்படுத்திய ஒன்றைப் பத்துக் கணக்கில் சேர்க்காமலேயே எடுத்து வைத்துவிடுங்கள். அவருடைய மற்ற கத்திகளை உடன்பிறந்தவர்களுக்கோ அடுத்த தலைமுறைக்கோ கொடுப்பதுதான் முறை. விற்பனைக் கூட்டத்தில் அவற்றைக் கலக்க வேண்டாம்.

மற்றவற்றுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். கத்தியைக் கையில் எடுத்து, அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தயாரித்தவர் பெயர், எஃகின் வகை, வெளிவந்த ஆண்டு ஆகியவற்றோடு பேச்சு நின்றுவிட்டால் அந்தக் கத்தி போகலாம், ஏனெனில் நீங்கள் சொன்ன அத்தனையும் அடுத்து வாங்குகிறவருக்கும் தெரிந்திருக்கும். யாருடன் இருந்தபோது வாங்கினீர்கள், எந்த வேலையில் அது கைகொடுத்தது, எதற்காக அதை ஒருவரிடம் வேண்டிக் கேட்டுப் பெற்றீர்கள் என்று பேச்சு நீண்டால், அந்தக் கத்தி உங்களை விட்டுப் போகும்போது தன் கதையையும் இழந்துவிடும். அதை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கத்திகள் சமமாக நின்றால், பிறகு மனம் மாறினாலும் திரும்ப வாங்க முடியுமா என்று கேளுங்கள். அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964-இல் வெளியிட்ட ‘பக் 110’ மடக்குக் கத்தி இன்றும் தயாரிக்கப்படுகிறது. மரக் கைப்பிடி கொண்ட பிரெஞ்சு மடக்குக் கத்தியான ஒப்பினெல் 1890 முதல் ஏறத்தாழ அதே வடிவத்தில் வந்துகொண்டிருக்கிறது. இத்தகைய கத்தியைக் கொடுத்துவிட்டு வருந்தினால், அந்த வருத்தத்துக்கு மருந்து உண்டு. ஒருவர் தம் பட்டறையில் அடித்து உருவாக்கிய ஒற்றைக் கத்திக்கு அது இல்லை; ஆகவே அவசரப்படாதீர்கள். செய்தவர் தொழிலில் இருந்தால் முதலில் அவருக்கு எழுதிக் கேளுங்கள். தம் பழைய வேலையைத் தாமே திரும்ப வாங்குகிறவர்களும், தேடிக்கொண்டிருக்கும் ஒருவரைக் கைகாட்டுகிறவர்களும் உண்டு.

உங்கள் விரல் வலியை நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் அதற்கு முதலிடம் கொடுப்பேன். வில்தகடு (அலகை அழுத்திப் பிடித்திருக்கும் உள்தகடு) இறுக்கமாக உள்ள பழைய மடக்குக் கத்தியை நகத்தால் இழுத்துத் திறப்பது வலியுள்ள கைக்குத் தண்டனை. பாதி திறந்த நிலையில் பிடி நழுவினால் அலகு விரலின்மேலேயே மூடிக்கொள்ளும். நிறுத்திக்கொள்ளும் பத்தில் சரிபாதியாவது நீங்கள் வலியின்றித் திறந்து, பயன்படுத்தி, மூடக்கூடியவையாக இருக்கட்டும். 1981-இல் ஸ்பைடர்கோ நிறுவனம் அலகில் வட்டத் துளையிட்டு, கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் மடக்குக் கத்தியை வெளியிட்டது. அந்த வகை உங்களிடம் இருந்தால் எடுத்து வையுங்கள். சிறிய உறைக்கத்திகளில் மடக்குகிற வேலையே இல்லை. கார்பன் எஃகு அலகுகளுக்கு இடைவிடாத கவனிப்பு வேண்டும்; அவற்றில் இரண்டு மூன்றுக்கு மேல் வைத்துக்கொண்டால் சில ஆண்டுகளில் துருவைத்தான் சேகரித்துக்கொண்டிருப்பீர்கள்.

வண்ணவாரியாகவோ அளவுவாரியாகவோ முழுத் தொகுப்பு ஏதேனும் இருந்தால் அதை உடைக்காதீர்கள். ஒன்றை உருவிக்கொண்டு மற்றவற்றை விற்றால், உருவிய ஒன்றும் தனித்துப்போகும், மற்றவற்றின் மதிப்பும் குறைந்துவிடும். என் கருத்தில், தொகுப்பு முழுமையாக வேறொருவரிடம் போவதே நல்லது. அதைத் தேடித் தேடி நிறைவு செய்ததில்தான் உங்கள் மகிழ்ச்சி இருந்தது. அந்த மகிழ்ச்சியை நீங்கள் முழுமையாக அனுபவித்தும்விட்டீர்கள்.

விற்கும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே வியாபாரியிடம் மூட்டையாகக் கொடுக்க வேண்டாம். மொத்தமாக வாங்குகிறவர் சாதாரணக் கத்தியின் விலையில்தான் சிறந்த கத்தியையும் எடுப்பார். நடுத்தரமான இரண்டு மூன்றை முதலில் விற்றுப் பாருங்கள். அவை போன பிறகு அலமாரியில் உண்டாகிற வெற்றிடம் உறுத்துகிறதா, ஆறுதல் தருகிறதா என்பது தெரிந்துவிடும். அதன்பின் மற்றவற்றைப் பற்றிய உங்கள் முடிவு நிதானமாக வரும்.

கேள்வி: என்னிடமுள்ள பழைய கார்பன் எஃகுக் கத்திகள் கறுத்துப்போயிருக்கின்றன. விற்பதற்கு முன் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கூடுதல் விலை கிடைக்குமா?
– மற்றொரு வாசகர்

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கார்பன் எஃகு பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருக்கும்போது சாம்பலும் நீலமும் கலந்த ஒரு கருமை படியும். அது அலகை ஓரளவு காக்கவும் செய்யும். கத்தியின் வயதுக்கும் அதுவே சாட்சி. தவிர, உப்புத்தாளோ மெருகுச் சக்கரமோ பட்டால் அலகின் அடியில் குத்தியிருக்கும் முத்திரை மங்கிவிடும். அந்த முத்திரைதான் பல கத்திகளின் பிறப்புச் சான்று. நீக்க வேண்டியது செந்நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கும் துருவை மட்டுமே. அந்த இடத்தில் கனிம எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டித் துணியால் துடைத்தால் போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். தோலுறைக்குள்ளேயே வைத்திருந்தால் வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, பதனிடும்போது ஏறிய பொருள்களோடு சேர்ந்து அலகை அரிக்கும்.

கேள்வி: என் கணவர் காலமாகிவிட்டார். அவர் சேர்த்த கத்திகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. எனக்கு அவற்றைப் பற்றி எதுவும் தெரியாது. “மொத்தமாக யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அம்மா” என்கிறான் மகன். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

பதில்: மனம் ஒப்பவில்லை என்றால் இப்போது எதையும் கொடுக்க வேண்டியதில்லை, அம்மா. கத்திகள் காத்திருக்கும். அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கைப்பிடிகளைப் பாருங்கள். ஆமையோடு போன்ற கோலத்திலோ, முத்துப்போல் மினுங்கும் பல வண்ணங்களிலோ உள்ள பழைய கைப்பிடிகள் செல்லுலாய்டாக இருக்கலாம். அது முதுமையடைந்து சிதையத் தொடங்கும்போது அதிலிருந்து வெளியேறும் வாயு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாக மாறும். அந்த அமிலம் தன் கத்தியை மட்டுமன்றி, அதே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளையும் அரித்துவிடும். கைப்பிடியில் நுண்ணிய விரிசல்கள், பித்தளைப் பூணைச் சுற்றிப் பச்சைப் படிவு, கற்பூரம் கலந்த காரநெடி ஆகியவை அதன் அறிகுறிகள். அப்படிப்பட்டதைத் தனியே எடுத்துக் காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கும் வெயிலுக்கும் எட்டாமல் வையுங்கள். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும்.

அடுத்து, எதையும் கழுவவோ துடைக்கவோ வேண்டாம். பெட்டிகளையும் ரசீதுகளையும் குப்பை என்று எண்ணி எறிந்துவிட வேண்டாம். எந்தக் கத்தி எந்தப் பெட்டியில் இருந்ததோ அதிலேயே இருக்கட்டும். உங்கள் கணவர் குறிப்பேடு ஏதும் வைத்திருந்தாரா என்று மகனைத் தேடச் சொல்லுங்கள். பிறகு இருவருமாக உட்கார்ந்து, ஒவ்வொரு கத்தியையும் மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் படம் எடுத்து, முத்திரையை மட்டும் அண்மையில் தனியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த முத்திரைகள் பேசக்கூடியவை. அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் 1970-இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் குத்தி, ஆண்டுக்கு ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தது. புள்ளிகளை எண்ணினால் அந்தப் பத்தாண்டில் கத்தி பிறந்த ஆண்டு தெரிந்துவிடும். 1961-இல் வந்த சுவிஸ் ராணுவ வீரர்க் கத்தியில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் அலகின் அடியிலேயே இருக்கும். பெரிய ஒப்பினெல்லில் அலகைப் பூட்டும் சுழல்வளையம் இல்லையென்றால், அது பெரும்பாலும் அந்த வளையம் வந்த 1955-க்கு முந்தையது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது 1913-இல். ஆகவே அந்த எஃகில் செய்த அலகை அதற்கு முந்தையது என்று சொல்லி யாரேனும் விலை பேசினால் நம்பாதீர்கள். இந்தப் படங்களை வைத்துக்கொண்டு, தொடர்பில்லாத இரண்டு பேரிடமாவது மதிப்பு கேளுங்கள். மதிப்பிடுகிறவரே வாங்குகிறவராகவும் இருந்தால் அவர் சொல்வதை இறுதியாகக் கொள்ள வேண்டாம்.

இரண்டு வகைக் கத்திகளை விற்பதற்கு முன் சட்டத்தை விசாரிக்க வேண்டும். முதலாவது, தந்தக் கைப்பிடி உள்ளவை. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்யும் முடிவு 1989-இல் எடுக்கப்பட்டது. பழம்பொருளாகவே இருந்தாலும் உரிய ஆவணமின்றி எல்லை தாண்டி அனுப்ப முடியாது. இரண்டாவது, பொத்தானை அழுத்தினால் தானே திறந்துகொள்பவையும் இருபுறமும் கூருள்ள குத்துவாள்களும். சில நாடுகளில் இவற்றை விற்பது மட்டுமன்றி வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 முதல் தானியங்கிக் கத்திகளுக்கு அந்த நிலைதான். இதற்கு வழக்கறிஞரையோ உள்ளூர்க் காவல் நிலையத்தையோ கேட்பதே பாதுகாப்பு. அப்படிக் கேட்கப் போகும்போது கத்தியை எடுத்துச் செல்லாதீர்கள், படத்தை மட்டும் காட்டுங்கள்.

உங்களுக்கென்று ஒன்றை நிறுத்திக்கொள்ள விரும்பினால், அலமாரியில் தேட வேண்டாம் என்பது என் யோசனை. உங்கள் கணவருடைய சட்டைப்பையிலோ மேசை இழுப்பறையிலோ கிடக்கும் சிறிய பேனாக்கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கடிதம் பிரிக்கவும் கயிறு அறுக்கவும் அவர் கை தேடியது அதைத்தான்.

முதலில் எழுதிய வாசகரும் இந்த வாசகியின் கடிதத்தைப் படிக்க வேண்டும். நிறுத்திக்கொள்ளும் பத்துக்கும், கொடுக்கப்போகும் மற்றவற்றுக்கும் தனித்தனியே ஒரு சீட்டு எழுதுங்கள், ஐயா: எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, சாணை பிடிக்கப்பட்டதா, கைப்பிடி எதனால் ஆனது. மையால் எழுதிய காகிதத்தை அலகின்மேல் சுற்றாமல், பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வையுங்கள்.