பள்ளிக்கு எதிர்க்கடையில் சிகரெட் விளம்பரம்

வணக்கம் அண்ணா. குடியாத்தத்தில் பையன் படிக்கும் பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடையில் சிகரெட் படம் போட்ட தட்டி தொங்குகிறது, கேட்டால் கடைக்காரர் "கம்பெனிக்காரன் மாட்டிட்டுப் போனான்" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். யார் மாட்டினாலும் தப்புதான். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கவே கூடாது. சிகரெட் படத்தோடும் பிராண்டு பெயரோடும் தட்டி எந்தக் கடையிலும் கூடாது.

காட்பாடியில் எங்கள் தெருக் கடையிலும் இப்படித்தான். தேன்மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே, சரியாக ஆறாவது படிக்கிற பிள்ளையின் கண் மட்டத்தில் தட்டி. தினம் பார்த்துப் பழகிய பெயரைத்தான் பிள்ளை முதலில் கேட்டு வாங்கும். அந்த வயதில் புகையிலையில் இருக்கும் நிகோடின் என்ற போதைப்பொருள் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், விடுவது பெரும்பாடு. எனக்கு வயிறு எரிகிறது அண்ணா.

கடைக்காரரோடு சண்டை வேண்டாம். தட்டியும் பள்ளி வாசலும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுங்கள். தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். ரசீதை மறக்காமல் வாங்குங்கள்.

அப்புறம், பையன் ஏற்கெனவே தொட்டிருந்தால் அடிக்காதீர்கள். 1800-11-2356 இலவச எண், புகையிலையை விட உதவுவார்கள்.