லாஸ் மெனினாஸ் ஓவியத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தை முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக ஆகா ஓகோ என்கிறார்களே, ஒரு குட்டி இளவரசியும் தோழிகளும் ஒரு நாயும் நிற்கிற படத்தில் அப்படி என்ன இருக்கிறது என்பது கேள்வி. நானும் இதே கேள்வியோடுதான் அதன் முன்னால் போய் நின்றேன், அதனால் பதில் எழுத எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஓவியம் படித்தவன் இல்லை. பிழைப்புக்குக் கல்யாணப் போட்டோ எடுக்கிறேன். நாள் முழுக்க நாற்பது பேரை மேடையில் ஏற்றி, “அண்ணே கொஞ்சம் உள்ள வாங்க, பாப்பா இங்க பாரு” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவன். என் கண் அந்தத் தொழிலின் கண், அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தங்கை வீட்டுக்காரருக்கு மாட்ரிட்டில் வேலை. அங்கே போயிருந்தபோது, “மச்சான், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பிராடோவுல டிக்கெட் கிடையாது, சும்மாவே விடுவாங்க” என்று மாப்பிள்ளை சொன்னதால்தான் கிளம்பினேன். போகும் வழியில் போனில் படத்தைத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. சொல்லப்போனால் எரிச்சல்தான் வந்தது. மேல் பாதி முழுக்க இருட்டுச் சுவரும் வெறும் கூரையும்தான், ஆட்களெல்லாம் கீழ்ப் பாதியில் அடைந்து கிடக்கிறார்கள், இடது பக்கம் ஒரு பெரிய பலகையின் முதுகு மறைத்துக்கொண்டு நிற்கிறது. என்னிடம் வேலை பார்க்கும் பையன் இப்படி ஒரு படம் எடுத்து வந்தால் முதலில் மேலே வெட்டு, அப்புறம் இடது பக்கம் வெட்டு என்பேன்.

நேரில் பார்த்தால் கதை வேறு. உயரம் 3.2 மீட்டர், அகலம் 2.8 மீட்டர், அதாவது பத்தரை அடி உயரத்துக்கு ஒரு துணி. ஆட்கள் நம் அளவிலேயே இருக்கிறார்கள். போனில் வீணாகக் கிடந்த அந்த மேல் பாதி இங்கே நம் தலைக்கு மேலே போய்விடுகிறது, உண்மையான அறைக்குள் நின்றால் கூரை எங்கே இருக்குமோ அங்கே. அந்தக் கூரையில் விளக்குத் தொங்கவிடும் கொக்கி இரண்டு இருக்கிறது, விளக்கு இல்லை, வெறும் கொக்கி. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உடம்பு ஒருமாதிரி ஆயிற்று. ஏனென்றால் அந்தக் கொக்கி யாருக்கும் தேவையில்லை, அதை வரையச் சொல்லி எந்த ராஜாவும் கேட்டிருக்க மாட்டார். அந்த அறை நிஜமாக இருந்தது, அங்கே கொக்கி இருந்தது, அதனால் வரைந்திருக்கிறார், அவ்வளவுதான்.

படத்தில் யார் யார் என்று சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் இனிமேல் சொல்வது புரியாது. வருடம் 1656. ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப்பின் மாட்ரிட் அரண்மனையில் ஒரு பெரிய அறை. நடுவில் ஐந்து வயது இளவரசி மார்கரீட்டா. அவளுக்கு இரு பக்கமும் இரண்டு தோழிப் பெண்கள் (மெனினா என்பது போர்த்துகீசியச் சொல், அரண்மனையில் இளவரசிக்குத் துணையாக வளரும் பெரிய வீட்டுப் பெண்கள்). வலது ஓரத்தில் மாரி பார்போலா என்ற குள்ளமான பெண்மணி, பக்கத்தில் நிக்கோலாஸ் பெர்துசாட்டோ என்ற சிறிய உருவக்காரர் தூங்கி வழியும் நாயின் முதுகில் கால் வைத்து எழுப்பப் பார்க்கிறார். பின்னால் துறவி போல முக்காடு போட்ட ஒரு அம்மா ஒரு காவலரிடம் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார். அறையின் கடைசியில் கதவு திறந்திருக்கிறது, படிக்கட்டில் ஹோசே நியேட்டோ என்ற அரண்மனை அதிகாரி நிற்கிறார், வருகிறாரா போகிறாரா என்று சொல்ல முடியாது. இடது பக்கம் அந்தப் பெரிய கேன்வாஸ் முன்னால் பிரஷும் கையுமாக ஓவியர் டியேகோ வெலாஸ்கெஸ் தானே நிற்கிறார். பின்சுவரில் ஒரு கண்ணாடி, அதில் மங்கலாக அரசரும் அரசி மரியானாவும். மொத்தம் பதினொரு பேர், ஒரு நாய்.

இதில் எத்தனை பேர் நம்மைப் பார்க்கிறார்கள் என்று எண்ணுங்கள். இளவரசி, ஓவியர், வலது பக்கத் தோழி, மாரி பார்போலா, படிக்கட்டில் நிற்பவர், கண்ணாடிக்குள் இருக்கும் இருவர். மற்றவர்கள் இன்னும் கவனிக்கவில்லை. ஒரு தோழி இளவரசிக்குத் தண்ணீர்க் குவளை நீட்டிக்கொண்டிருக்கிறாள், முக்காடு போட்ட அம்மா பேச்சை நிறுத்தவே இல்லை, நாய்க்கு எதைப் பற்றியும் கவலையில்லை. இது எனக்கு ரொம்பத் தெரிந்த நொடி. கல்யாண மண்டபத்தில் மணப்பெண் அறைக் கதவைத் திறந்துகொண்டு கேமராவோடு உள்ளே போனால் சரியாக இப்படித்தான் இருக்கும். பாதிப் பேர் திரும்பிப் பார்த்துவிடுவார்கள், பாதிப் பேர் பூ வைப்பதிலும் ஊசி தேடுவதிலும் இருப்பார்கள். அடுத்த நொடி எல்லோரும் உஷாராகி முகத்தைச் சரிசெய்துகொண்டால் படம் போச்சு. அந்த ஒரு நொடி எங்களுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை கிடைத்தால் பெரிய விஷயம். இந்த மனிதர் அதை எண்ணெய் வண்ணத்தில், ஆற அமர வரைந்திருக்கிறார்.

அப்படியானால் உள்ளே வந்தது யார்? நான்தான். நீங்கள்தான். படத்தின் முன்னால் யார் போய் நின்றாலும் அவர்கள்தான். மற்றப் படங்களில் நாம் வேடிக்கை பார்ப்பவர்கள், இதில் நம்மைத்தான் அவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். இந்தப் படம் இன்னும் அலுக்காமல் இருப்பதற்கு என் கணக்கில் இதுதான் முதல் காரணம், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

அந்தக் கண்ணாடியைப் பற்றி ஆளுக்கு ஒரு கட்சி. ஒரு கட்சி, அரசரும் அரசியும் நாம் நிற்கும் இடத்தில் நிற்கிறார்கள், ஓவியர் அவர்களைத்தான் வரைகிறார், அவர்களின் பிம்பம்தான் கண்ணாடியில் தெரிகிறது என்கிறது. இன்னொரு கட்சி, இல்லை, முதுகு காட்டி நிற்கிறதே அந்தக் கேன்வாஸ், அதில் வரைந்திருக்கும் உருவங்கள்தான் கண்ணாடியில் தெரிகின்றன என்கிறது. 1724இல் இந்தப் படத்தைப் பற்றி விரிவாக எழுதி, இதில் இருப்பவர்களின் பெயர்களையும் நமக்குச் சொல்லிவைத்த பாலோமினோ இரண்டாவது கட்சி. நானும் அதேதான். கூரையின் கோட்டையும் வலது சுவரின் கோட்டையும் நீட்டிக்கொண்டே போனால் அவை சேரும் இடம் கண்ணாடி இல்லை, கதவருகே நியேட்டோவின் கை. அப்படியென்றால் பார்க்கிறவன் நிற்பது கதவுக்கு நேராக, கண்ணாடிக்கு நேராக இல்லை. பக்கவாட்டில் நின்று கண்ணாடியைப் பார்த்தால் எதிர்ப் பக்கத்தில் இருப்பதுதான் தெரியும் என்பது எந்தப் போட்டோகிராபருக்கும் அடிபட்டுத் தெரிந்த பாடம். இங்கே அந்த எதிர்ப் பக்கத்தில், அதாவது இடது பக்கம், நிற்பது அந்தக் கேன்வாஸ்தான்.

அடிபட்டு என்று சும்மா சொல்லவில்லை. ஆரம்ப காலத்தில் ஒரு கல்யாணம். அலங்கார அறையில் நிலைக்கண்ணாடி முன்னால் பெண்ணை நிறுத்தி எடுத்தேன், பெண் அழகாக வந்திருந்தாள். ஆல்பம் பெரிதாக அச்சாகி வந்த பிறகுதான் பார்க்கிறோம், கண்ணாடியில் வயிறு தள்ளிக்கொண்டு நான், எனக்குப் பின்னால் வாய் நிறைய வடையோடு என் உதவியாள். பெண்ணின் அப்பா அந்தப் பக்கத்துக்குக் காசு தரவில்லை. நியாயம்தான்.

வெலாஸ்கெஸ் பண்ணியிருப்பது அந்தத் தப்பைத் தெரிந்தே பண்ணுவது. ராஜ குடும்பத்துப் படத்தில் எடுக்கிறவன் உள்ளே நிற்கிறான், எடுக்கப்படுகிற ராஜாவும் ராணியும் பின்சுவரில் ஒரு சின்னச் சட்டத்துக்குள் மங்கலாகப் போய்விட்டார்கள். இது என்ன துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்து ஸ்பெயினில் ஓவியம் வரைவது கைத்தொழில், கூலிக்கு வேலை செய்கிறவன் பெரிய மனிதன் ஆக முடியாது. வெலாஸ்கெஸுக்கு அரண்மனையில் பெரிய உத்தியோகம் இருந்தது, படத்திலேயே இடுப்பில் சாவி தெரியும். ஆனாலும் சாந்தியாகோ வீரர் சங்கம் என்ற பிரபுக்கள் சங்கத்தில் சேர்த்துக்கொள்ள அவருடைய பரம்பரையைத் தோண்டி விசாரித்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் சாட்சி வாங்கினார்கள், இவர் காசுக்காகப் படம் வரைந்ததே இல்லை என்றுகூட நண்பர்கள் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. 1659இல்தான் சேர்த்தார்கள். 1660 ஆகஸ்டில் இறந்துவிட்டார். படத்தில் அவர் நெஞ்சில் இருக்கும் சிவப்புச் சிலுவை அந்தச் சங்கத்தின் அடையாளம், 1656இல் அது இருந்திருக்க வாய்ப்பே இல்லை, பின்னால் சேர்த்தது. அரசரே பிரஷ் எடுத்து வரைந்தார் என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது.

சரி, கிட்டே போய்ப் பார்த்ததைச் சொல்கிறேன். காவலாளி முறைக்காத தூரம் வரை போனேன். தூரத்திலிருந்து இளவரசியின் சட்டைக் கையில் வெள்ளிச் சரிகை மின்னியது. கிட்டே போனால் சரிகையும் இல்லை ஒன்றும் இல்லை, சாம்பலும் வெள்ளையும் கறுப்புமாக அள்ளித் தெளித்த மாதிரி கோடுகள், அவசரத்தில் கிறுக்கியது போல. நெஞ்சில் குத்தியிருக்கும் பூ கிட்டத்தில் வெறும் சிவப்பு இழுப்பு. இரண்டடி பின்னால் வந்தால் மறுபடி பூ. நான்கைந்து தடவை முன்னும் பின்னும் போய் வந்தேன், எந்த இடத்தில் அது துணியாக மாறுகிறது என்று பிடிக்கவே முடியவில்லை. மாப்பிள்ளை, “என்ன மச்சான் கோயில் சுத்துற மாதிரி சுத்துறீங்க” என்றார்.

அந்தத் தோழி நீட்டும் சிவப்புக் குவளையும் அப்படித்தான். அது புக்காரோ என்ற வாசனை மண் பாத்திரம், அதில் ஊற்றினால் தண்ணீருக்கு மண் வாசனை ஏறும். அந்தக் காலத்து ஸ்பெயின் சீமாட்டிகள் தண்ணீரைக் குடித்துவிட்டு, தோல் வெளுக்கும் என்று பாத்திரத்தையே கடித்தும் தின்றிருக்கிறார்கள். மாசமாக இருக்கும் பெண்கள் சாம்பலும் மண்ணும் ஒளித்துத் தின்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் அதிசயம் இல்லை, ஆனால் ராஜகுமாரிக்கு வெள்ளித் தட்டில் வைத்து நீட்டுவதைப் பார்க்கும்போது சிரிப்பு வந்தது.

மாரி பார்போலாவைப் பற்றி ஒரு வார்த்தை. அரண்மனையில் குள்ளமானவர்களை வேடிக்கைக்கு வைத்திருந்த காலம் அது. இந்தப் படத்தில் அவர் யாருக்கும் வேடிக்கை இல்லை. இளவரசிக்கு விழுந்த அதே ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்திலும் விழுகிறது, நேராக நம் கண்ணைப் பார்க்கிறார், “என்ன?” என்று கேட்கிற மாதிரி. நான் முதலில் கண்ணைத் திருப்பிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் படம் பிழைத்து வந்ததே பெரிய விஷயம். 1734 கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த அரண்மனை எரிந்துபோனது. படத்தை எப்படியோ வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், இளவரசியின் கன்னத்தில் பட்ட சேதத்தை இன்னொரு ஓவியர் சரிசெய்தார். உள்நாட்டுப் போரில் மாட்ரிட்டில் குண்டு விழுந்தபோது வலென்சியாவுக்குப் போய், கடைசியில் 1939இல் ஜெனீவா வரை போய்த் திரும்பியிருக்கிறது. மார்கரீட்டாவுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. பதினைந்து வயதில் வியன்னாவில் சொந்தத் தாய்மாமன் லியோபோல்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், இருபத்தொரு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்த ஐந்து வயது முகத்தைப் பார்க்கும்போது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பிக்காசோ 1957இல் சில மாதங்கள் மாடியில் அடைந்து கிடந்து இந்தப் படத்தோடு மல்லுக்கட்டினார். அந்தத் தொடரில் 58 ஓவியங்கள், பார்சிலோனாவில் இருக்கின்றன. நாய்க்குப் பதிலாகத் தன் கூடவே திரிந்த குட்டைக்கால் நாயை வரைந்துவிட்டார். பிரெஞ்சுத் தத்துவவாதி ஃபூக்கோ தன் புத்தகம் ஒன்றை இந்தப் படத்தை வைத்துத்தான் தொடங்கினார் என்கிறார்களே என்று அதைப் படிக்க முயன்று பார்த்தேன், நான்கு பக்கத்துக்கு மேல் என்னால் முடியவில்லை.

இன்னொன்று, பிராடோவில் படம் எடுக்க விடமாட்டார்கள். கழுத்தில் கேமரா தொங்காமல் ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்று எனக்குப் பழக்கமே இல்லை, கை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஆனால் அதனால்தான் அந்த அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுக்கவில்லை. நாற்பது நிமிடம் இருந்திருப்பேன். எட்டு மணிக்கு வெளியே தள்ளினார்கள்.

வரும்போது அங்கே விற்கிற தபால் அட்டை ஒன்றை வாங்கிவந்து ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். அந்த அளவில் கண்ணாடி சுண்டுவிரல் நகம்தான், ராஜாவும் ராணியும் இரண்டு புள்ளி. போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பையன் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “அண்ணே, எல்லாம் சரி, படம் எடுக்கிறவர் ஏன் உள்ள நிக்கிறாரு, அப்ப யாரு எடுக்கிறது?” என்றான். உட்காருடா சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன், அதற்குள் மண்டபத்திலிருந்து போன் வந்துவிட்டது, மாப்பிள்ளை அழைப்புக்கு நேரமாச்சு எங்கே இருக்கிறீர்கள் என்று. அவனுக்குச் சொல்ல வைத்திருந்ததைத்தான் இங்கே கொட்டிவிட்டேன்.