டிரினிட்டி கல்லூரி: அம்மாவுடன் இரண்டு மணி நேரம்

வணக்கம். டப்ளினில் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி, வழிகாட்டி இல்லாமல் டிரினிட்டி கல்லூரியைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் இல்லை. பழைய நூலகத்துக்கு மட்டும்தான் டிக்கெட்.

எல்லோரும் முன்வாசல் வழியாகப் போவார்கள். ஆனால் அங்கே முற்றம் முழுக்க உருளைக்கல் பாவியிருக்கும், முழங்காலுக்கு ஆகாது. நீங்கள் நாசாவ் தெரு வாசலில் நுழையுங்கள். நேராகப் போனால் இத்தாலியச் சிற்பி பொமோடாரோ செய்த வெண்கலக் கோளம் வந்துவிடும்; பெரிய உருண்டை உடைந்து உள்ளே இன்னொரு உருண்டை தெரியும்.

அப்புறம் மியூசியம் கட்டடம். வார நாள் என்றால் இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 1857-இல் கட்டி முடித்தது. வெளிச்சுவரிலும் தூண் தலைகளிலும் ஓ'ஷே சகோதரர்கள் செதுக்கிய இலை, பூ, விலங்குகளை நின்று நிதானமாகப் பாருங்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. உள்ளே நுழைந்ததும் அழிந்துபோன அயர்லாந்து ராட்சத மான்களின் இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கும். அந்தக் கொம்புகளின் அகலத்தை அம்மா நிச்சயம் மறக்க மாட்டார்.

பக்கத்திலேயே ரூப்ரிக்ஸ், 1700 வாக்கில் எழுந்த சிவப்புச் செங்கல் வரிசை. கல்லூரி தொடங்கியது 1592 என்றாலும், இன்று நிற்பதில் பழையது இதுதான். அதைத் தாண்டினால் 1853-இல் எழுப்பிய மணிக்கூண்டு. மணி அடிக்கும்போது அடியில் நடந்தால் தேர்வில் தோல்வி என்று மாணவர்கள் நம்புகிறார்கள். கல்தரை அங்கேதான் தொடங்குகிறது, அம்மாவை ஓரமாக நிற்கவைத்துவிட்டு நீங்கள் மட்டும் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.