வாசகர் கேள்வி - பதில்: பனிப் பிரதேசங்களுக்கென ஒரு நூலகம்

கேள்வி: கேம்பிரிட்ஜில் துருவப் பகுதிகளைப் பற்றிய நூல்களை மட்டுமே சேர்த்து வைக்கும் நூலகம் ஒன்று இருப்பதாகப் படித்தேன். மனிதர்களே இல்லாத இடங்களுக்குத் தனி நூலகம் எதற்கு? பெரிய நூலகம் ஒன்றில் இரண்டு அலமாரிகள் போதாதா?

பதில்: நீங்கள் படித்தது ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். 1912-இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் உயிரிழந்த பிரிட்டிஷ் துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டுக்கும் அவருடைய தோழர்களுக்கும் நினைவாகப் பொதுமக்கள் அளித்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு, 1920-இல் அந்நிறுவனம் தொடங்கப்பட்டது. அதே பயணத்தில் நிலவியலாளராகச் சென்று உயிருடன் திரும்பிய ஃபிராங்க் டெபன்ஹாம் அதன் முதல் இயக்குநரானார். ஒரு குழு பெரும்பாடுபட்டுத் திரட்டிய அளவீடுகளும் வரைபடங்களும் குழு கலைந்ததும் ஆளுக்கொரு பெட்டியில் முடங்கிவிடாமல், அடுத்துச் செல்பவர்களுக்கு ஓரிடத்தில் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

மனிதர்களே இல்லை என்பது அண்டார்க்டிகாவுக்கு ஏறக்குறையப் பொருந்தும்; ஆர்க்டிக்குக்குப் பொருந்தாது. அங்கே சுமார் 40 லட்சம் பேர் வாழ்கிறார்கள். பனியாற்றின் இயக்கம், திமிங்கில வேட்டை, இனூயிட் மக்களின் மொழிகள், 1959-ஆம் ஆண்டின் அண்டார்க்டிக் உடன்படிக்கை ஆகிய நான்கும் பொது நூலகத்தில் நான்கு தளங்களில் கிடக்கும். துருவ நூலகமோ அவற்றை அருகருகே வைக்கிறது. இதற்கென்றே, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்க உதவும் உலகளாவிய பதின்மப் பகுப்பு முறையைத் துருவ நூல்களுக்கேற்ப விரித்தும் திருத்தியும் பயன்படுத்துகிறார்கள். மேலும், இத்துறையில் முக்கியமானவற்றுள் பல கடையில் விற்கும் நூல்களே அல்ல. ஆய்வுப் பயண அறிக்கைகள், சிறு வெளியீடுகள், ரஷ்ய, நார்வேஜிய மொழிக் கட்டுரைகள் முதலியவற்றை யாராவது தேடிப் பிடித்து வாங்கிச் சேர்த்தால்தான் உண்டு.

கேள்வி: செயற்கைக்கோள்கள் நாள்தோறும் பனியைப் படமெடுக்கும் காலத்தில், நூறாண்டுகளுக்கு முந்தைய கப்பல் பதிவேடுகளால் அறிவியலுக்கு என்ன பயன்?

பதில்: கடற்பனியைச் செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் அளக்கத் தொடங்கியது 1970-களின் இறுதியில்தான். அதற்கு முந்தைய நிலையை அறிய, அன்று அங்கே இருந்தவர்கள் எழுதி வைத்ததைத் தவிர நேரடிச் சான்றுகள் மிகக் குறைவு. 1902-ஆம் ஆண்டின் கோடையில் அண்டார்க்டிகாவை ஒட்டிய ராஸ் கடலின் பனி விளிம்பு எங்கே இருந்தது என்று இன்று எவ்வளவு பணம் செலவழித்தாலும் மறுபடி அளந்துவிட முடியாது. ஆய்வகச் சோதனையைத் திரும்பச் செய்யலாம், கள அளவீட்டைச் செய்ய முடியாது என்ற இந்த வேறுபாட்டை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

கப்பல் அதிகாரிகள் நாள்தோறும் அட்சரேகை, தீர்க்கரேகை, காற்று, வெப்பநிலை ஆகியவற்றோடு கண்ணில்பட்ட பனியின் தன்மையையும் குறித்து வைத்தார்கள். 1897 முதல் 1917 வரையிலான அண்டார்க்டிக் பயணங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, அக்காலத்தின் கோடைக் கடற்பனிப் பரப்பு அண்மைக் காலத்தை விட அதிகபட்சம் 14 சதவீதமே கூடுதலாக இருந்திருக்கலாம் என்றும், அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் மட்டும் வேறுபாடு குறிப்பிடத்தக்கது என்றும் கணித்தது. கப்பல்கள் போகக்கூடிய இடங்களுக்கே போயின என்பதால் இக்கணக்குக்கு எல்லை உண்டு. ஆனால் ஸ்காட்டும் அவர் காலத்துத் துருவப் பயணியான ஷேக்கில்டனும் தம் பதிவேடுகள் பருவநிலை ஆய்வுக்கு உதவும் என்று எண்ணி எழுதவில்லை. எந்த முடிவையும் நிறுவும் நோக்கமின்றி எழுதியதே அவற்றின் நம்பகத்தன்மையைக் கூட்டுகிறது என்பது என் கருத்து.

எனவேதான் இத்தகைய நூலகங்களின் இன்றைய பணிகளுள் மின்னுருவாக்கமும் கையெழுத்துப் படிகளைப் படித்துத் தட்டச்சு செய்வதும் முன்னிடம் பெறுகின்றன. படமெடுத்தால் மட்டும் போதாது. எண்கள் அட்டவணையானால்தான் கணிப்பொறிக்குப் பயன்படும். 2010-இல் தொடங்கிய ‘ஓல்டு வெதர்’ திட்டத்தில் தன்னார்வலர்களே பழைய கப்பல் பதிவேடுகளின் வானிலைக் குறிப்புகளை இவ்வாறு பெயர்த்தெழுதினார்கள்.

கேள்வி: அண்டார்க்டிகாவிலேயே ஒரு புத்தகம் அச்சிடப்பட்டது என்பது உண்மையா?

பதில்: உண்மை. ஷேக்கில்டனின் ‘நிம்ராட்’ கப்பல் பயணத்தின்போது, 1908-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ராய்ட்ஸ் முனைக் குடிசையில் ‘அரோரா ஆஸ்திராலிஸ்’ அச்சானது. குழுவினரான ஜாய்ஸ், வைல்டு இருவரும் புறப்படுமுன் அச்சுத் தொழிலில் சிறிது பயிற்சி பெற்றிருந்தார்கள். குளிரில் மை இறுகிவிடாதிருக்க, மைத்தட்டின் அடியில் மெழுகுவத்தி ஏற்றி வைத்தார்கள். மார்ஸ்டன் படங்களை உருவாக்கினார். பெர்னார்டு டே உணவுப் பெட்டிகளின் பலகைகளை அறுத்து அட்டையாக்கினார். ஏறத்தாழ நூறு படிகளே உருவாயின. பலகையில் எஞ்சிய பெட்டி எழுத்துகளைக் கொண்டே ‘வெண்ணெய்ப் படி’, ‘சிறுநீரகப் படி’ என்று இன்றும் அவற்றை அடையாளம் சொல்கிறார்கள். அருநூல் பட்டியல்களில் இவ்வளவு பசியைத் தூண்டும் பெயர்கள் வேறெங்கும் கிடைக்கா.

கேள்வி: ஸ்காட்டின் கடைசி நாட்குறிப்பு அந்த நூலகத்தில் உள்ளதா?

பதில்: இல்லை, அது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அவர் இறுதியாக எழுதிய கடிதங்களுள் அட்மிரல் பிரிட்ஜ்மனுக்கு எழுதியது 2013-இல் கேம்பிரிட்ஜ் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது.

கேள்வி: பிற நாடுகளின் துருவ நூலகர்களோடு இவர்களுக்குத் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. 1971 முதல் நடந்துவரும் துருவ நூலகங்களின் கருத்தரங்கு, இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை கூடுவது வழக்கம். கேம்பிரிட்ஜில் நூலகராகப் பணியாற்றி மறைந்த வில்லியம் மில்ஸின் பெயரால், துருவப் பகுதிகளைப் பற்றிய சிறந்த புனைவல்லாத நூலுக்கு அவ்வமைப்பு பரிசும் அளிக்கிறது. பல நாடுகள் சேர்ந்து துருவங்களை ஆராயும் சர்வதேசத் துருவ ஆண்டு அடுத்து 2032-33-இல் திட்டமிடப்பட்டுள்ளது. 1882-83-இல் நடந்த முதல் துருவ ஆண்டின் அறிக்கைகள் பல மொழிகளில் சிதறிக் கிடப்பதால், ஒன்றரை நூற்றாண்டு மாற்றத்தை ஒப்பிட விரும்பும் ஆய்வாளர்கள் இந்த நூலகர்களின் கதவைத்தான் முதலில் தட்ட வேண்டியிருக்கும்.