பகை நாட்டுத் தலைவர்களுக்கு நடுவே சமரசம் பேசுவது எப்படி?

முகம் கொடுத்துப் பேசாத இரு நாட்டுத் தலைவர்களுக்கு நடுவில் மூன்றாம் ஆள் ஒருவர் நின்று பேச்சை நகர்த்துவதுதான் சமரசம். நடுவர் எதற்கு? எதிரியிடம் நேரடியாக விட்டுக்கொடுத்தால் சொந்த நாட்டில் ‘பணிந்துவிட்டார்’ என்பார்கள். அதையே நடுவர் கேட்டுக்கொண்டதால் செய்தால் மானம் தப்பும். பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் தம்பிக்கு நடுவே அத்தை தூது போய்வருவது மாதிரி.

1978 செப்டம்பரில், அமெரிக்க அதிபரின் ஓய்வில்லமான, குடில்கள் நிறைந்த கேம்ப் டேவிட்டில் எகிப்து அதிபர் சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் ஆரம்பத்திலேயே மோதிக்கொண்டார்கள். அப்புறம் அமெரிக்க அதிபர் கார்ட்டர் இருவரையும் தனித்தனியே உட்காரவைத்து, குடிலுக்குக் குடில் வரைவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். மொத்தம் 13 நாள். கடைசி நாளில் பேச்சு முறியும் நிலை. பெகினின் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதித் தான் கையெழுத்திட்ட, மூன்று தலைவர்களும் இருக்கும் புகைப்படங்களைக் கார்ட்டரே கொண்டுபோய்க் கொடுத்தார். பெகின் கண்கலங்கிவிட்டார். உடன்பாடும் கையெழுத்தானது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான். சரி, படத்துக்காக மட்டும் யாரும் இறங்கிவரவில்லை. எகிப்துக்கு, இஸ்ரேல் பிடித்துவைத்திருந்த சினாய் தீபகற்பம் திரும்பக் கிடைத்தது, இஸ்ரேலுக்குத் தெற்கு எல்லையில் போர் பயம் நீங்கியது.

நடுவரை நீதிபதி என்று பலர் நினைக்கிறார்கள்; தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது, இரு தரப்பும் சம்மதித்தால்தான் கையெழுத்து.